அடித்தவருக்குப் பேய், அடிபட்டவருக்கு என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய கல்லறைத் தோட்டத்துப் பேய்க்கதைகள் வரலாற்றைக் காக்கின்றனவா, மறைக்கின்றனவா என்பது தலைப்பு. மறைக்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தோழி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அங்கே கிரேஃப்ரையர்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் மெக்கன்சியின் பேய் உலாவுவதால்தான் மக்கள் வருகிறார்கள், வரலாறும் நிலைக்கிறது என்றார். சரி, அந்தத் தோட்டத்துக்கே போவோம்.

யார் இந்த ஜார்ஜ் மெக்கன்சி? இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆட்சியில் ஸ்காட்லாந்து அரசின் தலைமை வழக்கறிஞர். எங்கள் திருச்சபையில் மன்னர் தலையிடக் கூடாது என்று 1638-இல் இதே கிரேஃப்ரையர்ஸில்தான் மக்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த வழியில் நின்றவர்களை வேட்டையாடியதால் மெக்கன்சிக்கு ‘இரத்தக்கறை மெக்கன்சி’ என்றே பெயர். 1679-இல் பாத்வெல் பாலத்தில் மன்னரின் படையோடு மோதித் தோற்ற அவர்களில் சுமார் 1,200 பேரை எடின்பரோவுக்குக் கொண்டுவந்து, தோட்டத்தை ஒட்டிய வெட்டவெளியில் அடைத்தார்கள். கூரை கிடையாது. மாதக்கணக்கில் குளிரிலும் பசியிலும் கிடந்தார்கள். மன்னருக்குப் பணிந்து எழுதிக்கொடுத்தவர்கள் வெளியே போனார்கள். மறுத்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைவேலைக்கு அனுப்பக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பல் ஆர்க்னி தீவுகளில் டீர்னஸ் கரையருகே உடைந்தது. பெரும்பாலோர் மூழ்கிப்போனார்கள்.

இப்போது பேய்க்கதைக்கு வருவோம். இன்று சுற்றுலா வருபவர்கள் கேட்கும் கதை 1990-களின் இறுதியில் கிளம்பியது. இரவில் ஒரு கல்லறை மண்டபத்துக்குள் போனவர்கள் உடம்பில் கீறல் விழுந்ததாம், மயங்கி விழுந்தார்களாம். இருட்டில், பயத்தை எதிர்பார்த்தே நிற்கிறவருக்கு எது வேண்டுமானாலும் நேரும், அது இருக்கட்டும். கதையின் நாயகன் யார் என்று பாருங்கள். கீறுவதும் தள்ளுவதும் மெக்கன்சி. உயிரோடு இருந்தபோது அடித்தவர், செத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்தான் அடிக்கிறார்! வெட்டவெளியில் விறைத்துச் செத்தவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு முகம் உண்டா? குளிரில் ஒடுங்கிக் கிடந்தவன் என்ன நினைத்தான், கையெழுத்துப் போட ஏன் மறுத்தான் என்று அது ஒரு வரியாவது சொல்கிறதா?

“கொடியவன் செத்தும் நிம்மதியில்லாமல் அலைகிறான், அதுவே நீதி” என்று தோழி வாதிட்டார். எனக்கு அது நீதியாகத் தெரியவில்லை. மெக்கன்சி 1691-இல் லண்டனில் காலமானார். குவிமாடம் வைத்த மண்டபம் கட்டி, கௌரவமாக அதே தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கௌரவத்துக்கு மேலே பேய்க்கதை புகழையும் சேர்த்துக் கொடுக்கிறது. மக்கள் இருட்டில் அவர் பெயரைத்தான் கிசுகிசுக்கிறார்கள்.

பேய் இல்லாவிட்டால் யார் நினைப்பார்கள் என்று கேட்டீர்களே, அம்மா? டீர்னஸ் கரையில், கப்பல் உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் 1888-இல் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். மூழ்கியவர்களுக்காகவே எழுப்பினார்கள். அதற்கு எந்தப் பேயும் தேவைப்படவில்லை.