கோழிக் கொட்டாயில பொழுது சாயணும்

வணக்கம்ங்க. தருமபுரியில எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். பாலக்கோடு பக்கம் கறிக்கோழி வளர்க்கற அண்ணன் ஒருத்தர் கடைக்கு வந்து, தம்பி, ராத்திரி லைட்ட பட்டுனு அணைச்சா குஞ்சுங்க மிரண்டு மூலையில போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது, அடியில மாட்டுனது மூச்சு முட்டி செத்துப்போவுது, பொழுது சாயற மாதிரி மெதுவா கம்மி பண்ண முடியுமான்னு கேட்டாரு. அவரு கேட்ட விதம் மனசுல நின்னுருச்சுங்க.

குண்டு பல்பா இருந்தா சுலபம். எல்இடி பல்புக்குள்ள ஒரு டிரைவர் இருக்கு, வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சம் மாறக்கூடாதுன்னே அத வெச்சிருக்காங்க, அதனால நாம கொறைச்சா முதல்ல கண்டுக்காது, அப்புறம் சிமிட்ட ஆரம்பிச்சுரும். அட்டையில டிம்மபிள்னு போட்டதா பாத்து வாங்குங்க, வெல கூடத்தான், வேற வழியில்ல.

அடுத்தது டிரையாக், அதாவது மெயின்ஸ் கரண்ட்டுக்கான எலக்ட்ரானிக் சுவிட்ச், ஒரு சின்ன சிக்னல் தட்டுனா ஆன் ஆகும். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்புக்கு ஆர்டுவினோவுல (புரோகிராம் போடற சின்ன கன்ட்ரோலர் போர்டு) பிடபிள்யூஎம் (வேகவேகமா ஆன் ஆஃப் பண்ணி வெளிச்சத்த கொறைக்கறது) குடுக்கற மாதிரி இதுக்கும் குடுத்தேன், ஒண்ணும் சரியா வரல. ஏன்னா டிரையாக் ஒரு தடவ ஆன் ஆச்சுன்னா கரண்ட் ஜீரோவுக்கு வர்ற வரைக்கும் அணையாது. நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுத்துக்கு ரெண்டு ஜீரோ, அப்போ செகண்டுக்கு 100 தடவ, நடுவுல 10 மில்லிசெகண்டு. ஒவ்வொரு ஜீரோவையும் ஒரு ஆப்டோகப்ளர் (ஒயர் தொடர்பு இல்லாம வெளிச்சத்தால சிக்னல் கடத்தற ஐசி) வழியா ஆர்டுவினோ இன்டரப்ட்ல (சிக்னல் வந்தவுடனே கவனிக்க வெக்கற வசதி) புடிச்சு, அங்கிருந்து எண்ணணும். 2 மில்லிசெகண்டு கழிச்சு டிரையாக்க தட்டுனா நல்ல வெளிச்சம், 7 கழிச்சு தட்டுனா மங்கல். அவ்வளவுதான் சூட்சுமம்.

டிரையாக்க தட்டற ஐசியும் ஒரு ஆப்டோகப்ளர்தான், அது எம்ஓசி 3021-ஆ இருக்கணும். 3041 பாக்க அதே ஆறு கால்தான், ஆனா அது ஜீரோவுல மட்டும்தான் தட்டும், டிம் பண்ணாது. அது தெரியாம எனக்கு ரெண்டு நாள் போச்சுங்க. இன்னொண்ணு, ஒத்த 9 வாட் பல்பு இழுக்கற கரண்ட் டிரையாக்க புடிச்சு வெச்சுக்க பத்தாம போயிரலாம், ஒரே லைன்ல நாலஞ்சு பல்பா போட்டப்பதான் எனக்கு சிமிட்டறது நின்னுது. முதல்ல குண்டு பல்பு மாட்டி பாருங்க, அது ஒழுங்கா மங்குனா சர்க்யூட் சரி, அப்புறமா எல்இடி.

தயவுசெஞ்சு ஒண்ணு கேளுங்க. 230 வோல்ட்டுன்னு சொல்றமே, உச்சத்துல அது 325. கொட்டாயில தரை ஈரமா இருக்கும். மெயின்ஸும் ஆர்டுவினோவும் ஆப்டோகப்ளர்ல மட்டும்தான் சந்திக்கணும், பியூஸ் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுல மூடி, ஈஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா லைன துண்டிக்கற சுவிட்ச்) இருக்கற லைன்ல குடுங்க.

இப்ப அந்த கொட்டாயில 20 நிமிசம் எடுத்து மெதுவா இருட்டுது, குஞ்சுங்க பரவலா படுத்துக்குதாம். கரண்ட் போனா மட்டும் பட்டுனு இருட்டுதான், அதுக்கு ஒரு பேட்டரி லைட்ட இதோட சேக்கற வேலைதான் இப்ப மேசை மேல கெடக்கு.