பாறு கழுகும் மாட்டுக்குப் போடுகிற வலி ஊசியும்

எல்லோருக்கும் வணக்கம். மாடு வளர்க்கிறவர்கள், மருந்துக்கடை வைத்திருக்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வந்திருக்கிறீர்கள். பறவையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் நான் ஊசி மருந்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் செத்த மாட்டைத் தின்று வாழ்கிற பாறு கழுகு பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் மாட்டுக் கொட்டகையில்தான் முடிவாகிறது.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து பொங்கல் சாப்பிட்டுப் போன கழுகுகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அவையும் பாறு இனம்தான், மஞ்சள்முகப் பாறு. 1990களில் அவை வருவது நின்றுபோனது. அந்தச் சமயத்தில் தொடங்கிய சரிவில், பதினைந்து இருபது வருஷத்துக்குள் இன்னொரு பாறு இனமான வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது.

என்ன காரணம் என்று புரியாமல் ரொம்ப நாள் திண்டாடினார்கள். பாகிஸ்தானில் செத்து விழுந்த பறவைகளை அறுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்த பிறகுதான் டைக்ளோஃபெனாக் மாட்டிக்கொண்டது. மடிவீக்கம், காய்ச்சல், கால்வலி என்றால் மாட்டுக்குச் சட்டென்று போட்டுவந்த வலி ஊசி அது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் நின்றுபோகிறது, யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. நூறு செத்த மாடுகளில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த இனம் சரிந்துவிடும். கூட்டமாக வந்து ஒரே மாட்டைத் தின்கிற பறவை அல்லவா? வருஷத்துக்கு ஒரே முட்டை, குஞ்சு வளர்ந்து இணை சேர நாலைந்து வருஷம். போனதை எப்படி ஈடுகட்டும்?

சரி, அரசு என்ன செய்தது? 2006இல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்றார்கள். உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தன. குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2015இல் உத்தரவு வந்தது, மருந்து கம்பெனிகள் வழக்குக்குப் போயின, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைக்குத் தடையானது 2023இல்தான். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது, இது தெரிந்த பிறகும் இத்தனை வருஷம் விற்க விட்டதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கிற முக்கியமான கூட்டம் நம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. முதுமலை, சீகூர், சத்தியமங்கலம் பக்கம் ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு கட்டுகின்றன. காட்டைக் காவல் காத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் இரை தேடி இந்தப் பறவை ஒரே நாளில் பல ஊர்களைத் தாண்டிப் பறக்கும், எந்த ஊர்க் கொட்டகையில் எந்த ஊசி போட்டார்கள் என்று அதற்குத் தெரியுமா?

இன்னொன்று விஷம். புலி மாட்டை அடித்துவிட்டது என்ற ஆத்திரத்தில் மிச்ச உடலில் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். மாடு போனவரின் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான், இழப்பீடு கைக்கு வர மாதக்கணக்கில் அலையவிட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும், அதை வனத்துறை வேகமாகத் தந்தே ஆகவேண்டும். ஆனால் அந்த விஷத்தில் புலியோடு பாறும் கூட்டமாகச் சாகிறது.

நீங்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மாட்டுக்கு வலி ஊசி வேண்டுமென்றால் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள், டோல்ஃபெனமிக் அமிலமும் பாறுக்கு ஆபத்தில்லாதது. மெலாக்சிகாம் சரியாகக் கேட்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாட்டின் எடைக்கு ஏற்ற அளவில் போட்டால் நன்றாகவே கேட்கும். ஃப்ளூனிக்சின் என்ற வலி ஊசி வேண்டாம். கடைக்காரர்கள் சீட்டு இல்லாமல் வலி ஊசி தராதீர்கள். அப்புறம், வேறு ஊசி போட்ட மாடு இறந்துபோனால் ஓடைப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு வராமல், ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.