டை பீம் மேல ரம்பத்த வைக்காதீங்க! பாரிஷ் ஹால் ஆபீஸ் ஆகும்போது

வணக்கம் மக்களே! கூரை டிரஸ், அதாவது கூரையத் தாங்கற முக்கோணச் சட்டம், அது பத்தின வீடியோ பார்த்தவங்களுக்கு எனக்கு எதுல சுர்ருன்னு ஏறும்னு தெரியும். உங்கள்ல ஒருத்தர் ஒரு பிளான் அனுப்பியிருந்தார். பழைய பாரிஷ் ஹால் (சர்ச்சோட பொதுக்கூடம்), ஆபீஸா மாத்தறாங்க. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சுவர் உயரம் 5, முகடு 9. ஒரு கோடியில மெஸனைன், அதாவது நடுவுல ஒரு பாதி மாடி போடறாங்க. அங்க குறுக்க வர்ற டை பீம் ரெண்டுலயும் சிவப்புக் கோடு போட்டு ‘வெட்டவும்’னு எழுதியிருக்கு. ரெண்டுலயும்!

கூரையோட ரெண்டு சரிவும் எடை ஏறும்போது, விரிச்சு நிறுத்தின ஏணியோட கால் மாதிரி வெளிய வழுக்கப் பார்க்கும். அந்த ரெண்டு பாதத்தையும் இழுத்துக் கட்டி வச்சிருக்கறதுதான் டை பீம். அத வெட்டினா தள்ளுவிசை முழுக்க சுவர் உச்சிக்குப் போகும். சுண்ணாம்புக் கலவையில கட்டின செங்கல் சுவர் மேலருந்து வர்ற எடைய நல்லாவே வாங்கும், பக்கத்துலருந்து தள்ளினா தாங்காது. உச்சியில வெளிப்பக்கமா சாய ஆரம்பிக்கும். தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தா தெரியும். டிரஸ் உக்கார்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழ, உள்பூச்சுல படுக்கை விரிசல் ஓடினாலும் சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு. டிரஸ் நடுவுல செங்குத்தா வர்ற மரம், கிங் போஸ்ட், அது டை பீம் மேல நிக்கற தூண்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அது மேலருந்து தொங்குது, டை பீம் நடுவுல தொய்யாம பிடிச்சிருக்கு. அதனால டை பீம்ல ஏசி டக்ட்டக் கட்டித் தொங்கவிடறதும் கணக்குப் போடாம செய்யக்கூடாது.

சரி, அவங்க ஏன் வெட்டப் பார்க்கறாங்க? தலை இடிக்குது. மெஸனைன் தரைய 3.2 மீட்டர்ல வச்சிருக்காங்க. டை பீமோட அடி 5 மீட்டர்ல இருக்கு. மிச்சம் 1.8. உயரமான ஆள் நெத்தியிலயே வாங்குவார்.

இப்ப இதப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மெஸனைன் தரையோட மொத்தத் தடிமன 250 மில்லிமீட்டர்ல அடக்கலாம்! வழக்கமா ஸ்டீல் பீம், அது மேல மரச்சட்டம், அது மேல பலகைன்னு அடுக்குவாங்க, 400, 450 போயிடும். மரச்சட்டத்த பீமுக்கு மேல வைக்காம பீமோட வயித்துக்குள்ள, மேல் கீழ் விளிம்புக்கு நடுவுல செருகுங்க. 150 ஆழ பீம், 150 ஆழச் சட்டம் அதுக்குள்ளயே அடங்கிடும், 22 பலகை, அடியில ரெண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு 25, வயருக்கு 50. கூட்டினா 247. கீழ 2.45 உயரம் விட்டா மேல்தரை 2.7ல வருது. 5லருந்து கழிங்க. நிக்க 2.3 மீட்டர் உயரம்! டை பீமுக்குக் கீழ நிமிர்ந்து நடக்கலாம், ஒரு கீறல் கூட வேண்டாம்.

ஆனா 150 சட்டம் நடுவுல தாங்கல் இல்லாம ரொம்ப நீளம் போகாது. 2.5 மீட்டருக்கு ஒரு பீம் வரிசை, சட்டங்களுக்கு 300 இடைவெளி. ஆபீஸுக்கு சதுர மீட்டருக்கு 250 கிலோ கணக்குல இது நிக்கும். ஃபைல் ரேக் அறைக்கு இது பத்தாது, அத தரைத்தளத்துலயே வைங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாம எதையும் தொடாதீங்க.

அய்யோ, தூண் பத்திச் சொல்லாம தாண்டிட்டேன். மெஸனைன் எடை பழைய சுவர்ல ஏறவே கூடாது. தனித் தூண், தனி அஸ்திவாரம். பழைய மரத்தரை மேல தூண நிறுத்தாதீங்க, பலகைய அறுத்துக் கீழ மண்ணுக்குப் போங்க. சுவர ஒட்டிக் குழி தோண்டினா பழைய ஆழமில்லாத அஸ்திவாரம் பிடிமானம் இழக்கும், அதனால குறைஞ்சது ஒரு மீட்டர் தள்ளி வைங்க. தரைக்குக் கீழ இருக்கற காத்துத் துளைகள அடைச்சா பழைய தரைச் சட்டத்தோட முனை சுவருக்குள்ளயே உளுத்துப் போகும். ஜன்னல் பக்கமும் மெஸனைன் ஒரு மீட்டர் விலகியே நிக்கணும், வெளிச்சம் கீழ வரைக்கும் இறங்கும்.

ஸ்டீல மரக்கலர்ல அடிச்சு மறைக்கறது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. பழைய கட்டடங்களப் பாதுகாக்கறதுக்கான 1964 வெனிஸ் சாசனமே புதுசா சேர்க்கற வேலை அதோட காலத்த முகத்துல காட்டணும்னு சொல்லுது. போல்ட் போட்டுப் பூட்டுங்க, நாளைக்குக் கழட்டலாம்.

சத்தம். இந்த ஹாலோட கன அளவு 1400 கன மீட்டர். வெறும் பூச்சு, கண்ணாடி, பலகைன்னு இருந்தா எதிரொலி ஓய மூணரை செகண்ட் ஆகும். பாட்டுக்கு இது சுகம், நாலு பேர் ஃபோன் பேசற இடத்துக்கு ஆகாது. இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895ல ஹார்வர்டுல ஒரு லெக்சர் ஹாலுக்குள்ள இருக்கை மெத்தைகள ஒவ்வொண்ணா கொண்டு வந்து அளந்து பிடிச்ச கணக்கு இது: 0.161 பெருக்கல் கன அளவு, வகுத்தல் சத்தத்த உறிஞ்சும் பரப்பு. 0.8 செகண்டுக்கு இறக்க இன்னும் 220 சதுர மீட்டர் அளவு உறிஞ்சணும். கார்ப்பெட் மட்டும் போட்டா பத்தாது. ராஃப்டருக்கு, அதாவது கூரைச் சரிவு மரங்களுக்கு நடுவுல சத்தம் உறிஞ்சற பேனல் மாட்டுங்க, டிரஸ் வெளிய தெரியட்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டு அத மூடாதீங்க, ப்ளீஸ்.

சுவர் பாயிண்டிங்ல, அதாவது செங்கல் சந்த நிரப்பற வேலையில சிமென்ட் வேண்டவே வேண்டாம், வழக்கமா நான் கத்தறதுதான். ஈரம் சந்து வழியா வெளிய போக முடியாம செங்கல் வழியாப் போகும், செங்கல் முகம் உரிஞ்சு கொட்டும். சந்தோட அகலத்தப் போல ரெண்டு மடங்கு ஆழம் சுரண்டி எடுத்துட்டு சுண்ணாம்பு வைங்க, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைங்க.

பிளான் அனுப்பினவருக்கு: ஒவ்வொரு டிரஸ்லயும் தரையிலருந்து டை பீமோட அடி வரைக்கும் மூணு இடத்துல அளந்து அனுப்புங்க, ரெண்டு முனை, நடு. பழைய கட்டடத்துல ஒண்ணுக்கொண்ணு ஒரே அளவா இருக்காது. இருக்கறதுலயே குறைஞ்ச அளவ வச்சுத்தான் அந்த 2.7ஐ முடிவு பண்ணணும்.