செகண்ட் இன்ஜினியர் சீஃப் ஆகும்போது

வணக்கம் நேயர்களே. கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருப்பவர் சீஃப் இன்ஜினியர் ஆக நம் நாட்டில் கிளாஸ் ஒன் சான்றிதழ் வேண்டும். பயிற்சி வகுப்பு, எழுத்துத் தேர்வு, அப்புறம் எல்லோரும் அஞ்சுகிற ஓரல்ஸ், அதாவது வாய்மொழித் தேர்வு. இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வந்துவிடும். கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜிலிருந்து கேப்டன் "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், சீஃப்?" என்று கேட்கும்போதுதான் வாய் குழறும்.

எரிபொருள் மாற்றத்தையே பாருங்கள். இதை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடலிலும் எரிபொருளில் கந்தகம் 0.10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புகையைக் கழுவும் ஸ்கிரப்பர் இல்லாத கப்பல், சூயஸைக் கடந்து அந்தக் கடலில் நுழையும் முன்பே கந்தகம் குறைந்த, டீசல் போன்ற கேஸ் ஆயிலுக்கு மாறியிருக்க வேண்டும். அதுவரை எரித்தது 120 டிகிரி வரை சூடேற்றிய கெட்டி எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் ஆயில் 40 டிகிரி. நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது. 80 டிகிரி இறங்க 40 நிமிடம். பேரம் பேச இதில் இடமே இல்லை.

ஏன்? ஃபியூயல் பம்பில் மேலும் கீழும் போய்வரும் தண்டான பிளஞ்சருக்கும் அதைச் சுற்றியுள்ள உருளையான பேரலுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. சுடு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி திடீரென்று குளிரவைத்தால், ஒன்று முந்திச் சுருங்கி மற்றதைக் கவ்விக்கொள்ளும். அதனால் முதலில் இன்ஜின் லோடைக் குறைக்க வேண்டும், ஹீட்டர் நீராவியைப் படிப்படியாக மூட வேண்டும், அதன் பிறகுதான் வால்வைத் திருப்ப வேண்டும். நீராவியை மூட மறந்தால் கேஸ் ஆயில் சூடாகி நீர்த்துப்போகும். அதன் பாகுத்தன்மை 2 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போனால், தேய்ந்த பம்பில் கசிவு கூடி இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அதுவும் துறைமுக வாசலில், பின்னோக்கி இயக்கச் சொல்லும் நேரம் பார்த்து!

அந்த 40 நிமிடம் வெப்பத்துக்கு மட்டும்தான், மறுபடியும் சொல்கிறேன், வெப்பத்துக்கு மட்டும்தான். பழைய எண்ணெய் ரிட்டர்ன் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது கழுவித் தீரப் பல மணி நேரம் ஆகலாம். சுற்றில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, மணிக்கு எவ்வளவு எரிகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கேப்டனிடம் சீஃப் முந்திக்கொண்டு நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். மாற்றம் முடிந்த தேதி, நேரம், கப்பலின் நிலை, டேங்க் அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும்.

சிமுலேட்டர் பயிற்சியில் நான் கேட்பது ஒன்றுதான். பயிற்றுநர் கேப்டனாகி "பைலட் இருபது நிமிடத்தில் ஏறுகிறார்" என்று, துறைமுகத்துக்குள் வழிகாட்ட வருபவரைச் சொல்லி நெருக்கட்டும். தேர்ட் இன்ஜினியராக நிற்பவர் "சரி சார்" என்று மட்டும் சொல்லட்டும். நீராவி மூடியாகிவிட்டதா என்று அவரைத் திருப்பிச் சொல்லவைக்கிறாரா சீஃப் ஆகப் பயிலும் நம்ம ஆள், பார்ப்போம்.

கடிகாரம் முறைக்கிறது. கடற்பணிக் காலத்தை விளக்கமாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழுக்கான சர்வதேச ஒப்பந்தமான எஸ்டிசிடபிள்யூ விதிப்படி, முதன்மை இன்ஜின் திறன் 3000 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் சீஃப் ஆக 36 மாதம். அதில் 12 மாதம் செகண்டாக இருந்திருந்தால் 24 போதும். ஆவணங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். வணக்கம்.