காரிய வீட்டில் கர்ணன் ஏன் சாகிறான்?

[காட்சி: இரவு. வேலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத் தெரு. பந்தல், விளக்கு, மத்தளச் சத்தம்.]

குரல்: விடிந்தால் பெரியவருக்குக் கருமாதி. இன்றிரவு வாசலில் கூத்து. துக்க வீட்டில் கூத்தா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 1989-இல் இரண்டாகப் பிரிந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இது பழகிய வழக்கம். கதையும் பெரும்பாலும் ஒன்றுதான்: கர்ண மோட்சம்.

[காட்சி: வாழையிலையில் எள் கலந்த பிண்டம்.]

குரல்: கர்ணன் வருவதற்குள், இறந்தவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிடுவோம். உடல் எரிந்ததும் உயிர் பிரேதமாக அலைகிறது என்கிறது கருட புராணம். பிள்ளைகள் வைக்கும் பிண்டத்தால் அதற்கு நாளுக்கு ஓர் உறுப்பாகப் புது உடம்பு உண்டாகிறது. முதல் நாள் தலை. ஒன்பதாம் நாள் கால். பத்தாம் நாள் உறுப்பு எதுவும் இல்லை. பசியும் தாகமும் வருகின்றன! உடம்பு கிடைத்த கையோடு வயிறு கேட்கிறது. எழுதியவர் மனிதரை நன்றாக அறிந்தவர்தான்.

பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணத்தில், அந்தப் பிண்டத்தை முன்னோர் மூவரின் பிண்டங்களோடு சேர்த்தால் பிரேதம் பித்ரு ஆகிறது. பல குடும்பங்களில் எல்லாம் பதினாறாம் நாள் காரியத்தோடு முடியும். வைதரணி நதி, யமபுரம், சித்திரகுப்தன் ஏடு எல்லாம் நீங்கள் கேட்டவைதான்.

[காட்சி: கலியாண முருங்கை மரத்தில் செய்த கிரீடம், புஜக்கட்டை. வேடம் கட்டும் கைகள்.]

குரல்: அந்த ஏட்டைத்தான் கூத்து புரட்டிப் போடுகிறது. பிறப்பைச் சொல்லி இகழும் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்று, கர்ணன் போருக்குப் போகிறான். அர்ச்சுனன் அம்பு தைத்தும் உயிர் பிரியவில்லை. செய்த தருமம் காவல் நிற்கிறது. கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அந்தப் புண்ணியத்தையே யாசிக்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. வழியும் ரத்தத்தை வார்த்துக் கொடுத்துவிடுகிறான் கர்ணன். வரம் கேள் என்றால், இன்னும் பிறவி உண்டென்றால் இரப்பவர்க்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான்.

புண்ணியம் இருக்கும்வரை அவனுக்குச் சாவில்லை. சாகாமல் மோட்சமும் இல்லை. வரவுப் பக்கத்தைத் தானே துடைத்தவனிடம் சித்திரகுப்தன் என்ன கணக்குக் கேட்பான்? செத்தவருக்கும் அந்த வழி வாய்க்கட்டும் என்றுதான் இந்தக் கதையை ஆடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

[காட்சி: விடியற்காலை. பெண் வேடம் கட்டிய ஆண் கலைஞர் மடியில் கர்ணன்.]

குரல்: மகனே என்று குந்தி ஒப்பாரி எடுத்ததும், பதினைந்து நாளாக வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழுகிறார்கள். யாருக்காக என்று கேட்பது அநாகரிகம்.

கூத்து முடிந்ததும் நேராக ஆற்றங்கரைக்கு. மாசி அமாவாசையில் வேலூர்ப் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசலாம்.