கணினி கூட்டிய புள்ளியும் ஆயா சொன்ன தகவலும்

[திரையில்: வண்ணாரப்பேட்டை தெரு, காலை நேரம். பிறகு ஒரு பரிசோதனை ரிப்போர்ட்டின் அண்மைக் காட்சி, பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது.]

குரல்: காசிமேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை. ஓஏஇ, பெரா என்ற இரண்டு செவிப் பரிசோதனைகளும் எடுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தமும் கொடுத்தாயிற்று. சில வாரங்கள் கழித்து ரிப்போர்ட் வருகிறது. ஜிஜேபி2 என்ற மரபணுவில் இரண்டு மாறுபாடுகள். ஒன்றின் பக்கத்தில் 'நோய் உண்டாக்கும்' என்று இருக்கிறது. மற்றொன்றின் பக்கத்தில் 'பொருள் உறுதியாகவில்லை'.

"இருக்குன்னு சொல்றாங்களா, இல்லைன்னு சொல்றாங்களா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. அந்த இரண்டாவது வரியை யார் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: உள்காதின் வரைபடம். செல்களுக்கு நடுவே நுண்ணிய வழிகள்.]

ஜிஜேபி2 மரபணு, கனெக்சின் 26 என்ற புரதத்தைச் செய்யச் சொல்கிறது. உள்காதில் பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே வழி அமைப்பது இந்தப் புரதம்தான். பொட்டாசியம் அந்த வழியாகப் போய்வர முடியாவிட்டால் காது கேட்காது. நம் எல்லோரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பெரும்பாலும் இரண்டுமே கெட்டால்தான் பிரச்சினை.

நம் குழந்தையிடம் கிடைத்த முதல் மாறுபாட்டின் பெயர் டபிள்யூ24எக்ஸ். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 226 அமினோ அமிலம் நீளமுள்ள இந்தப் புரதம் 24-வது இடத்திலேயே அறுந்துபோகிறது. இந்தியாவில் ஜிஜேபி2-வால் வரும் காதுகேளாமையில் அதிகம் காணப்படுவது இதுதான். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது, புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும் அரிய மாறுபாடு. சிக்கல் அங்கேதான்.

[திரையில்: ஐந்து கட்டங்கள், 'நோய் உண்டாக்கும்' முதல் 'தீங்கற்றது' வரை.]

2015-இல் அமெரிக்காவின் மருத்துவ மரபியல் அமைப்பும் மூலக்கூறு நோயியல் அமைப்பும் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் 28 அளவுகோல்கள், ஐந்து வகுப்புகள். இன்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. பிற்பாடு அதைப் புள்ளிக் கணக்காகவும் மாற்றினார்கள். லேசான ஆதாரத்துக்கு 1, நடுத்தரமானதற்கு 2, வலுவானதற்கு 4, மிக வலுவானதற்கு 8. தீங்கற்றது என்று காட்டும் ஆதாரம் வந்தால் கழிக்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் 'நோய் உண்டாக்கும்', 6 முதல் 9 வரை 'அநேகமாக நோய் உண்டாக்கும்', 0 முதல் 5 வரை 'பொருள் உறுதியாகவில்லை'.

மென்பொருள் இந்தக் கணக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். நம் இரண்டாவது மாறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளங்களில் அரிது, 1 புள்ளி. புரதத்தைப் பாதிக்கும் என்று கணிப்புக் கருவி, அதாவது விளைவை ஊகிக்கும் மென்பொருள், சொல்கிறது, 2 புள்ளி. மொத்தம் 3. ரிப்போர்ட்டில் அப்படியே ஏறிவிட்டது. கணினி செய்தது தப்பில்லை. அதன் கைக்குப் போன தகவல் அவ்வளவுதான். படிவத்தில் 'செவித்திறன் குறைவு' என்று இரண்டே சொல்தான் எழுதியிருந்தது.

[திரையில்: அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்ப வரைபடம்.]

இப்போது மரபியல் ஆலோசகர் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார். குழந்தையின் ஆயாவும், அதாவது பாட்டியும், கூட இருக்கிறார். அண்ணன்காரனுக்கும் காது கேட்காது என்பது அப்போதுதான் தெரிகிறது.

"ஆயா, பெரிய பையனுக்கு எப்போலேர்ந்து கேக்கல?"

"ஜுரம் வந்து போயிடுச்சுன்னு சொன்னாங்கம்மா. ஆனா அதுக்கு முன்னாடியே கூப்பிட்டா திரும்ப மாட்டான்."

ஆயாவின் இந்த ஒரு வாக்கியத்தை எந்தத் தரவுத்தளத்திலும் தேடி எடுக்க முடியாது. இனி அம்மா, அப்பா, அண்ணன் மூவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். டபிள்யூ24எக்ஸ் அப்பாவிடமும் மற்றது அம்மாவிடமும் இருந்தால், குழந்தையின் இரண்டு பிரதியிலும் ஆளுக்கொரு மாறுபாடு இருக்கிறது. அதற்கு 2 புள்ளி. அண்ணனிடமும் அதே ஜோடி இருந்தால் இன்னொரு புள்ளி. 3 ஆக இருந்தது 6 ஆகிவிட்டது, வகுப்பும் மாறிவிட்டது.

மாறாக, இரண்டுமே அப்பாவிடமிருந்து ஒரே பிரதியில் வந்திருந்தால்? அம்மா தந்த பிரதி நன்றாக இருக்கிறது என்று பொருள். அப்போது ஒரு புள்ளி கழியும், காரணத்தை வேறு மரபணுவில் தேட வேண்டும். ஒரே ரிப்போர்ட், இரண்டு நேர் எதிர் முடிவுகள். இதனால்தான் பெற்றோரின் சாம்பிள் இல்லாமல் வரும் 'பொருள் உறுதியாகவில்லை'யை முடிந்துபோன விஷயமாக நான் ஏற்பதில்லை.

[திரையில்: உலக வரைபடம். கிழக்கு ஆசியா ஒளிர்கிறது.]

விதியே இடறும் இடமும் உண்டு. மக்களில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மாறுபாடு தீங்கற்றது என்பது வழிகாட்டியின் விதி. பெரும்பாலும் சரியான விதிதான். ஆனால் இதே ஜிஜேபி2-இல் வி37ஐ என்று ஒன்று கிழக்கு ஆசியாவில் அந்த அளவுக்குப் பரவலாக இருந்தும் காதுகேளாமை உண்டாக்குகிறது. விதியை மட்டும் நம்பிய மென்பொருள் அதைத் தள்ளிவிடும். மாறுபாடுகளை மதிப்பிடும் கிளின்ஜென் என்ற அமைப்பின் நிபுணர் குழு உட்கார்ந்து பார்த்துத்தான் அதை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தது.

'அரிது' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். யாரிடையே அரிது? தென்னாசியர்கள் குறைவாக இருக்கும் தரவுத்தளத்தில் அரிதாகத் தெரிவது, நம் ஊரில் ஒரு சமூகத்துக்குள் சாதாரணமாக இருக்கலாம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் நம்மிடம் இது பெரிய விஷயம். ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருப்பது இதனால்தான் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

[திரையில்: ஒரு மேசை. ஒருபுறம் மடிக்கணினி, மறுபுறம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.]

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் நிபுணர்களிடமே விட்டுவிடலாமா? அதுவும் சரிவராது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் ஒன்பது ஆய்வகங்களுக்கு ஒரே மாறுபாடுகளைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். முதலில் 34 சதவீதத்தில்தான் ஒத்துப்போனார்கள். பேசி, ஆதாரங்களை ஒப்பிட்ட பிறகு அது 71 சதவீதமானது. ஒரே வழிகாட்டி, படித்த ஆட்கள், அப்படியும் இந்த நிலை.

ஆகவே எனக்குச் சரியாகப் படும் ஏற்பாடு இது. எண்ணிக்கை, தரவுத்தளத் தேடல், புள்ளிக் கூட்டல் எல்லாம் கணினியிடம் இருக்கட்டும். அது களைத்துப்போகாது, திங்கட்கிழமை ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி மார்க் போடாது. நிபுணர் புள்ளியை மாற்றலாம், ஆனால் எந்த அளவுகோலை, எந்த ஆதாரத்தால் மாற்றினார் என்று எழுதியாக வேண்டும். 'என் அனுபவத்தில் தோன்றுகிறது' என்பது ஆதாரமாகாது. இரண்டு கணிப்புக் கருவிகள் ஒரே பதில் சொன்னால் அதை இரண்டு ஆதாரமாகக் கூட்டவும் கூடாது. பெரும்பாலும் ஒரே மாதிரித் தகவலைப் பார்த்துத்தான் அவை சொல்கின்றன. பழைய ரிப்போர்ட்டுகளைப் புதுத் தரவோடு திரும்பத் திரும்ப ஒப்பிடும் வேலையும் கணினிக்கே. ஏதாவது மாறினால் அது மணி அடிக்க, மனிதர் எடுத்துப் பார்க்கட்டும்.

[திரையில்: ரிப்போர்ட்டின் தேதி இருக்கும் மூலை.]

இப்படி ஒரு ரிப்போர்ட் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் தேதியைப் பாருங்கள், பழையதென்றால் புதுத் தரவோடு ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். ஆலோசகரிடம் போகும்போது அம்மா, அப்பா இருவரும் போங்கள். காது கேட்காத அண்ணன், அக்கா இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் வந்தால் ரொம்ப நல்லது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், கணக்கில் அதற்கும் இடம் உண்டு. குழந்தைக்குக் காது மெஷின், காக்ளியர் இம்ப்ளாண்ட் சிகிச்சையை மட்டும் இந்த ரிப்போர்ட்டுக்காகத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த குழந்தைக்கு நினைக்கிறீர்கள் என்றால், கர்ப்பமாவதற்கு முன்பே மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பத்தில் செய்யும் பரிசோதனைக்கு இரண்டு மாறுபாடும் உறுதியாகியிருக்க வேண்டும், பெற்றோர் சாம்பிள் போய் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்.