மேலே இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

பணியிடத்தில் தலைமை, பரஸ்பர மரியாதை என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறார்கள். மரியாதை என்றதும் எழுந்து நிற்பதும், 'சார்' போடுவதும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். ஓர் இடத்தில் மரியாதை இருக்கிறதா என்று அறிய நான் வேறொன்றைத்தான் கவனிப்பேன். அங்கே கீழ்நிலையில் இருப்பவர் ஒரு கெட்ட செய்தியை எவ்வளவு சீக்கிரம் மேலே கொண்டுபோகிறார்?

1977 மார்ச் 27. கானரி தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில் ஒரு விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். அதில் டச்சு விமானத்தின் தலைமை விமானி மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். அவர் கிளம்ப முனைந்தபோது, இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி ஒருமுறை சொன்னார். சற்று நேரத்தில் தலைமை விமானி மறுபடி விமானத்தைக் கிளப்பியபோது அவர் தடுக்கவில்லை. விமானம் ஓடிக்கொண்டிருக்கையில், அந்த இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அதற்குமேல் அவர் பேசவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள்.

மூடுபனி, ரேடியோ குழப்பம் என்று அந்த விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. என் மனம் போய் நிற்பது அந்தப் பொறியாளரின் கேள்வியில்தான். அவர் வாயைத் திறக்காமல் இருந்துவிடவில்லை, சொன்னார். ஆனால் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சந்தேகம் கேட்பது போலச் சொன்னார். நாமும் இதைத்தானே செய்கிறோம்? கணக்கு தப்பு என்று நன்றாகத் தெரிந்தும், "இது சரியா இருக்குமா சார்?" என்று இழுக்கிறோம். சார் "சரிதான்" என்கிறார். அப்புறம் நமக்கேன் வம்பு என்று வந்து உட்கார்ந்துகொள்கிறோம்.

இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் விமானத் துறை தன் பழக்கத்தையே மாற்றிக்கொண்டது. 1979இல் நாசா இதற்கென ஒரு பயிலரங்கு நடத்தியது. தலைமை விமானி மற்றவர்களைக் கேட்டு முடிவெடுக்கவும், மற்றவர்கள் தயங்காமல் எடுத்துச் சொல்லவும் தனிப் பயிற்சியே வந்தது. அதன் பலனை 1989இல் அமெரிக்காவில் பார்த்தார்கள். 296 பேருடன் பறந்த ஒரு விமானத்தில் வால்பகுதி எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்தது. பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் உள்ளே அழைத்து, நான்கு பேரும் சேர்ந்து யோசித்து, மீதி இருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே தரையிறக்கினார்கள். 112 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சிதான் உதவியது என்று தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். எனக்குத் தெரிந்த தலைமைகளில் மிகப் பெரியது அதுதான். எல்லோரையும் கேட்டதால் அவருடைய அதிகாரம் துளியும் குறையவில்லை.

நம் வேலையில் உயிர் போகாதே என்று நீங்கள் நினைக்கலாம். சரி, போகாது. ஆனால் தவறு ஒளிந்துகொள்ளும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, ஒற்றுமையாக வேலை செய்த குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நடந்த தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே வியப்பு. பிறகுதான் புரிந்தது, அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்ல யாரும் பயப்படவில்லை. மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். தவறே வராத டீம் என்று பெருமைப்படுகிற மேனேஜர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அந்தப் பயம் எங்கே முளைக்கிறது? பெரும்பாலும் ஒரு சின்ன நொடியில். ஒரு மீட்டிங். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், "இந்தத் தேதிக்குள் முடியாது சார்" என்கிறார். மேலதிகாரி தலை நிமிராமல், "முடியாதுன்னு சொல்லவா உங்களை வேலைக்கு எடுத்தோம்?" என்கிறார். யாரோ சிரிக்கிறார்கள். அந்தப் பெண் நோட்டை மூடிவிடுகிறார். அவர் மட்டுமா? அறையில் இருந்த அத்தனை பேரும் அன்றைக்கே பாடம் படித்துவிடுகிறார்கள். இனி அங்கே ஆமாம் சாமிகள்தான் மிஞ்சுவார்கள். அதே இடத்தில் அவர், "ஏன் முடியாது? எந்த வேலை இழுக்கிறது?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகப் போயிருக்கும், அவ்வளவுதான்.

கீழே இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். கெடு முடிகிற அன்று மாலை வந்து "முடியவில்லை" என்பது மேலதிகாரியை மதிப்பதாகாது. தெரிந்த அன்றே சொல்லுங்கள். நேராகச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு மாற்று வழியோடு சொல்லுங்கள். முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு டீக்கடையில் புலம்புவதை விட, தனியாகப் போய் "இதில் எனக்கு உடன்பாடு இல்லை" என்பது எவ்வளவோ மேல். கேட்டபின்னும் அவர் வேறு முடிவெடுத்தால், ஆபத்தோ அநியாயமோ இல்லாதவரை, அந்த முடிவை அரைமனதாகச் செய்யாதீர்கள். மேலதிகாரியும் மனிதர்தான், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.

தலைமையில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மீட்டிங்கில் உங்கள் கருத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள். அனுபவம் குறைந்தவரிடமிருந்து ஆரம்பியுங்கள். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "இதில் எது தப்பாகப் போகலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்த மீட்டிங்கிலும் கேளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.